கிழியாதவர்களின் வரிசை

மூடியைச் சாத்திப் பொத்தானை அமுக்கியாயிற்று, இனி மத்தியானம் முழுக்க இயந்திரம் பார்த்துக்கொள்ளும், மனுஷிக்கு அங்கே வேலையில்லை. கோகிலவாணிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். லேபில் மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். ஏசி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது, வெளியே கோயமுத்தூரின் சித்திரை வெயில், உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகிற பிழைப்பு. இட்லிப் பானையின் மூடியை நாலு தரம் திறந்து பார்க்காமல் அவள் கையில் ஓர் ஈடு இட்லி வெந்ததே கிடையாது, மாமியார் மரகதம் இதற்காகவே அவளை அடுப்பு மேடையிலிருந்து ஓரங்கட்டி வைத்திருக்கிறாள். இந்த மூடியைத் திறந்தால் எல்லாம் பாழ். ஆகவே பார்க்கத்தான் முடியும், பார்க்கவோ இன்னும் ஒன்றுமில்லை, திரையின் அடியில் தட்டையாக ஒரே ஒரு கோடு. ஒரே கோடு போலத் தெரிகிறதே தவிர அது பல கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடப்பது. ஒவ்வொரு கோடும் ஓர் ஆள். ஆள் என்று சொல்லக் கூடாது, சாம்பிள் என்றுதான் சொல்ல வேண்டும், கூட்டங்களில் அப்படித்தான் சொல்கிறாள், ஆனால் தனியாக இருக்கும்போது மனசு ஆள் என்றே சொல்கிறது, அதை என்ன செய்ய. இவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் இந்தக் கட்டிடத்துக்கு முன்னால் இருக்கிற ஆஸ்பத்திரியில் மார்பைத் திறந்து காட்டியவர்கள். அவர்களுடைய இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவரில் ஒரு துணுக்கு, அந்தத் துணுக்கிலிருந்து இழுத்தெடுத்த ஒரு சொட்டு, அந்தச் சொட்டு இப்போது இயந்திரத்துக்குள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பெருகிக்கொண்டிருக்கிறது. அவள் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, பார்த்ததை உடனே மறந்துபோனாள்.

கட்டை விரல் தடிமனுக்கு ஒரு குழாய், ஆயுசு முழுக்க ஒரு நிமிஷம் ஓய்வில்லாமல் அடி வாங்குகிற குழாய், அது ஒரு நாள் உள்ளுக்குள்ளே கிழிகிறது. வெளியே தெரியாது. உட்சுவரில் சின்னதாக ஒரு கீறல், அதற்குள் ரத்தம் புகுந்து, வாழை மட்டையை ஏடு ஏடாகப் பிரிக்கிற மாதிரி சுவரின் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகிறது. வந்தவர்கள் எல்லோரும் அந்த வலியை ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள், முதுகுக்கும் நெஞ்சுக்கும் நடுவே யாரோ துணியைக் கிழித்தது போல என்று. கிழிந்தது என்று சொல்லிக்கொடுக்காமலே கிழிந்தது என்று சொல்கிறார்கள், அது எப்படித் தெரிகிறது என்பது அவளுக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களில் பாதிப் பேரைச் சர்ஜன் காப்பாற்றிவிடுவார், கிழிந்த பகுதியை வெட்டியெடுத்துவிட்டு மாற்றுக் குழாயை வைத்துத் தைப்பார், வெட்டியெடுத்தது கோகிலவாணியின் ஐஸ் பெட்டிக்கு வரும். அதை வைத்துக்கொண்டு அவள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. கிழிவதற்கு முன்னால் சுவருக்குத் தெரியுமா. பழைய வேட்டிகூடத் திடீரென்று கிழிவதில்லை, முதலில் இழை நைகிறது, விரலை வைத்தால் அந்தப் பக்கம் தெரிகிறது, பிறகுதான் கிழிகிறது. சுவரின் இழையை நைய வைப்பது யார். உடம்பின் எல்லா செல்லுக்குள்ளும் இருக்கிற ஜீன்கள் அதேதான், ஆனால் எல்லாமே எப்போதும் பேசுவதில்லை, சிலது வாயை மூடிக்கொண்டிருக்கும், சிலது ஓயாமல் பேசும். அந்தப் பேச்சின் பெயர்தான் ஆர்.என்.ஏ., அதைத்தான் சொட்டாகப் பிழிந்தெடுக்கிறார்கள். இந்த விஷயத்தை அவள் வீட்டில் சொன்னபோது மாமனார் நஞ்சப்பன், நாற்பது வருஷம் மோட்டார் காயில் கட்டின மனுஷர், தோசையைப் பிய்த்தபடி யோசித்து, அப்போ எல்லார் வீட்டிலும் அதே சுவிட்சுதான், எது போட்டிருக்கிறது எது அணைத்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதானே என்றார். அவ்வளவுதான். அவள் கணவன் சுதாகருக்கு இந்த அளவுகூடத் தெரியாது, வர நேரமாகுமா என்பதைத் தவிர அவன் அவள் வேலையைப் பற்றி வேறெதுவும் கேட்டதில்லை.

நஞ்சப்பன்தான் கேட்பார். கல்யாணமாகி வந்த புதிதில், மாமனார் என்றால் பேப்பருக்குப் பின்னால் இருக்கிற ஆள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூடத்தின் நடுவே மின்விசிறியைக் கழற்றிப் பரப்பிப் போட்டு, ஏனம்மணி இது ஏன் சுத்துதுன்னு உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியாது. முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு மின்விசிறி ஏன் சுற்றுகிறது என்று தெரியாது. இரண்டு பேரும் மத்தியானம் வரை தரையில் உட்கார்ந்து சிவப்புக் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், மரகதம் மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டு நாலாவது தடவை விட்டுவிட்டாள். அந்த வீட்டில் தனக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்று கோகிலவாணிக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது. அதை அவரிடம் சொன்னதில்லை, இதையெல்லாம் யார் சொல்வார்கள், ஆனால் பெற்ற அப்பாவிடம் இல்லாத ஒரு பிரியம் அவளுக்கு அவர்மேல் உண்டு. திரையில் இன்னும் ஒன்றுமில்லை. தட்டைக் கோடு. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து, எழுந்ததும் வேண்டாம் என்று உட்கார்ந்தாள்.

கிழிந்த சுவர் என்ன பேசியது என்று தெரிய வேண்டுமானால் கிழியாத சுவர் என்ன பேசும் என்று தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது. நல்ல நிலையில் இருக்கிறவன் எவன் வந்து, இந்தாங்க என் பெருந்தமனியில் ஒரு துண்டு என்று கொடுப்பான். இதற்கு இந்தத் தொழிலில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பைபாஸ் செய்யும்போது காலிலிருந்து எடுத்த நரம்பை ஒட்டுவதற்காகப் பெருந்தமனியில் வட்டமாக ஓட்டை போடுவார்கள், போட்டால் சட்டைப் பித்தானைவிடச் சின்னதாக ஒரு வட்டம் கையோடு வந்துவிடும், அது யாருக்கும் ஆகாது, குப்பைக்குப் போகிற பொருள். கோகிலவாணி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஐஸ் பெட்டியோடு நின்று அந்தப் பித்தான்களைப் பொறுக்கிச் சேர்த்தவள். வெட்டின கையோடு அதற்கென்று இருக்கிற திரவத்தில் போட்டுவிட வேண்டும், ஒரு நிமிஷம் பிந்தினாலும் பேச்சு மாறிவிடும், வியர்வைக் கை பட்டால் பேச்சே அழிந்துவிடும். அப்படிச் சேர்த்த பித்தான்களுக்கு லேபில் நல்ல சுவர் என்று பெயர். யார் முதலில் சொன்னதென்று தெரியவில்லை, எல்லோரும் சொன்னார்கள், இது கிழிஞ்சது, இது நல்லது. போன ஆடியில் நஞ்சப்பனுக்கு நெஞ்சடைப்பு வந்து பைபாஸ் என்று முடிவானபோது, ஆடியில் யாராவது மார்பைத் திறப்பார்களா, ஆவணி பிறக்கட்டும் என்று மரகதம் அழுது பார்த்தாள், டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. நஞ்சப்பனோ அந்தக் கலவரத்திலும் மருமகளைக் கூப்பிட்டு, என்னோடதிலும் அந்தப் பித்தான் வரும்தானே, குப்பைக்குப் போவதை நீ வைத்துக்கொள் என்று சம்மதக் கையெழுத்தைப் போட்டுக்கொடுத்தார். வீடு திரும்பின பிறகு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஹார்லிக்ஸ் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டே, என்ற நெஞ்சுல ஒரு துண்டை எம்பட மருமக ஊறுகாய் போட்டு வெச்சிருக்கறா என்று சொல்வார், வந்தவர்கள் சிரிப்பதா முகத்தைச் சுளிப்பதா என்று தெரியாமல் காபியைக் குடிப்பார்கள்.

இதோ, ஒன்று எழுந்துவிட்டது. தட்டைக் கோட்டிலிருந்து ஒரு கொத்து பிரிந்து மேலே வளைகிறது. இது சுவரை இறுக்கிப் பிடிக்கிற தசையின் ஜீன், சுவருக்கு இழுபலம் கொடுப்பது, இதை நிறையப் பேசுகிறவர்களின் கோடு சீக்கிரம் எழும், குறைவாகப் பேசுகிறவர்களுடையது பிந்தும். நல்லவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவர், இருவர், வரிசையாக எல்லோரும். கிழிந்தவர்கள் பின்னால்தான் வருவார்கள், முன்பு செய்தபோதும் அப்படித்தான், பிடியை விட்டுவிட்ட சுவர்கள். அவள் குனிந்து எண்ணிப் பார்த்தாள். நல்லவர்களில் ஒன்று குறைந்தது. திரையில் கொஞ்சம் தள்ளி, நல்லவர்களுக்கும் கிழிந்தவர்களுக்கும் நடுவில் ஆளில்லாத இடத்தில் ஒரு கோடு தனியாக எழுந்து வந்தது. யாரிது என்று அவள் கை மௌசைக் கொண்டுபோவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று பிறகு தோன்றும், ஆனால் அப்போது தெரியவில்லை, அப்போது வெறும் வேடிக்கைதான், யாரடா நீ நடுவில் என்கிற வேடிக்கை. மௌஸ் போய் நின்றது. மாமா.

சொட்டு விடும்போது கை தப்பியிருக்கும். எல்லோரையும் இயந்திரத் தட்டில் மும்மூன்று குழியில் விட்டிருக்கிறாள், மூன்றிலுமா கை தப்பும். மூன்றும் ஒன்றாகத்தான் எழுந்திருக்கின்றன. சரி, குழாயே மாறியிருக்கும், கிழிந்தவர் யாராவது ஒருவருடையதை மாமாவுடையது என்று எடுத்திருப்பாள், ஆனால் அப்படியானால் அது கிழிந்தவர்களோடு அல்லவா வர வேண்டும், நடுவில் வருவானேன். பத்து வருஷமாகத் தப்பே வந்துவிடக் கூடாது என்று சாமி கும்பிட்டுவிட்டுக் கையுறை மாட்டுகிறவள் இன்றைக்குத் தப்பு வந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். அப்போதுதான் மாமாவின் ஆபரேஷன் நாள் ஞாபகம் வந்தது, வந்ததும் ஒரு நிம்மதி. அன்றைக்கு அவள் தியேட்டர் வாசலில் இல்லை. ஐஸ் பெட்டியைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்புக் கூடத்தில் அத்தைக்குப் பக்கத்தில், வெறும் மருமகளாக உட்கார்ந்திருந்தாள். மரகதம் அவள் கையை விடவில்லை, விபூதிப் பொட்டலம் கசங்கி இரண்டு பேர் உள்ளங்கையும் வெள்ளையாகிவிட்டது. அந்த நாற்காலி இரும்பு நாற்காலி, சில்லென்று இருந்தது, எதிரே யாரோ ஒரு பெண்மணி முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரியில் எதற்கு முருங்கைக்காய், அதைக் கேட்காமலே விட்டுவிட்டோமே என்று இப்போது தோன்றுகிறது. சர்ஜன் வெளியே வந்து நல்லபடி முடிந்தது என்று சொன்ன பிறகு, அத்தை அழுது முடித்த பிறகுதான், அவளுக்குப் பித்தான் நினைவே வந்தது. ஓடினாள். சிஸ்டர் அதை எவர்சில்வர் கிண்ணத்தில் உப்புத் தண்ணீரில் பத்திரமாக மூடி வைத்திருந்தார், திரவத்தில் போடச் சொன்னதை மறந்துவிட்டாராம், பரவாயில்லைதானே டாக்டர் என்றார். பரவாயில்லை என்றாள் அவள். அன்றைக்கு எல்லாமே பரவாயில்லைதான்.

ஆகவே அது கிண்ணத்தின் வேலை. வெட்டின துண்டுக்குத் தான் வெட்டப்பட்டது தெரியாது, உயிரோடிருப்பதாக நினைத்துக்கொண்டு அது பேசிக்கொண்டே இருக்கும், ரத்தம் வரவில்லையே, மூச்சு வரவில்லையே என்று கூப்பாடு போடும், அமைதியாக இருந்த ஜீன்கள் விழித்துக்கொள்ளும், பேசிக்கொண்டிருந்தவை அடங்கும். அந்தக் கூப்பாட்டைத்தான் இப்போது பார்க்கிறோம், சுவரையல்ல. அப்படித்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும் என்று அவள் கால்களை முக்காலியின் கட்டையில் ஏற்றி வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டதும் காலையில் அடுப்படியில் அத்தை சொன்னது வந்து குறுக்கே நின்றது. ஒரு மாசமாக அவர் பிரஷர் மாத்திரையைத் தொடுவதில்லை. கேட்டால் சண்டைக்கு வருகிறார், ஊரில் எவன் நெஞ்சு கிழிந்தாலும் என் சுவரை வைத்துத்தான் அளக்கிறார்களாம், போய் உன் மருமகளைக் கேள் என்கிறாராம். அதைக் கேட்டுக் கோகிலவாணி சிரித்தாள், சாயங்காலம் பேசிக்கொள்கிறேன் அத்தை என்று டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தாள். ஏனென்றால் அவள் சொன்னதுதான் அது. பொங்கலுக்கு முந்தின நாளோ என்னவோ, அவர் வாசல் கிரில்லுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, என்ற ஊறுகாய் என்னாச்சு அம்மணி என்று கேட்டார், உங்களுது நல்ல சுவருங்க மாமா, உங்களுதை வெச்சுத்தான் மத்ததையெல்லாம் அளக்கறோம் என்று சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். அவர் பிரஷ்ஷை டப்பாவுக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றது, பரீட்சையில் பாஸாகிவிட்ட பையனாட்டம் நின்றது, இப்போதும் தெரிகிறது. கிழியவில்லை என்பதால் நல்லது. அது எந்த ஊர் நியாயம். பைபாஸுக்கு வருகிறவர்கள் எல்லோருமே உள்ளுக்குள் அடைப்போடு வருகிறவர்கள், புகைத்தவர்கள், ரத்தக்கொதிப்புக்காரர்கள். அவர்களில் கிழியாதவர்களை எடுத்து ஒரு வரிசையில் நிறுத்தி இவர்களெல்லாம் நல்லவர்கள் என்று பெயர் வைத்துவிட்டு, வைத்தது நாம்தான் என்பதையும் மறந்துவிட்டு, அதை வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சொல்லியாயிற்று. இந்த வேலையில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பு செய்ய வராது.

இன்றைக்குத் தன் மோட்டார் கடைக்குப் போயிருப்பாரா. செவ்வாய்க்கிழமை, வேலை நாள்தான். டாக்டர் பளு தூக்கக் கூடாது என்றதற்கு, நான் எங்கே தூக்குகிறேன், சங்கிலிதானே தூக்குகிறது என்று கப்பிச் சங்கிலியை இழுத்துச் சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்குகிற ஆள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார், கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், அப்படி இழுக்கிற நேரத்தில் ரத்தம் எந்த வேகத்தில் அந்தச் சுவரை அடிக்கும் என்று அவளுக்கு வேண்டாத அளவுக்குத் தெரியும். அவள் நெஞ்சில் கை வைத்துத் தன்னுடையதைத் தொட்டுப் பார்த்தாள், அது தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு அடி. யாரும் சொல்லாமலே தாங்கிக்கொண்டு. கிண்ணம்தான், கிண்ணம்தான் என்று சொல்லிக்கொண்டாள். கிண்ணமில்லை என்றால்? இரண்டாவது ஜீனின் கோடுகள் இனிமேல்தான் எழ வேண்டும். அது கத்திரிக்கோல் ஜீன், சுவரின் நாரைத் துண்டு துண்டாக நறுக்குகிற சரக்கைச் செய்வது. கிழிந்தவர்களிடம் அது ஓயாமல் பேசும், அவர்களுடைய கோடு முதலில் எழும், நல்லவர்கள் கடைசியில் சோம்பலாக வருவார்கள். அவர் எங்கே வருகிறார் என்று பார்த்துவிடலாம். பார்க்க வேண்டாம், எழுந்து போய்த் தயிர்சாதத்தைச் சாப்பிடலாம், வந்து பார்த்தால் முடிந்திருக்கும். ஆனால் கால் நகரவில்லை. இட்லி மூடியைத் திறக்கிற கை, அதை அடக்க இந்தப் பிறவியில் முடியாது.

எழுகிறார்கள். கிழிந்தவர்கள். ஒருவர் மெல்லத் தலையைத் தூக்குகிறார், அவரையொட்டி இன்னொருவர், அடுத்த சுற்று சூடாகி ஆறியதும் இன்னும் மூன்று பேர். அவர்களில் சிலரை அவளுக்குத் தெரியும், திருப்பூர்க்காரர் ஒருவர், பனியன் கம்பெனி சூப்பர்வைசர், பிழைத்து நடந்தே வீட்டுக்குப் போனார். இன்னொருவர் ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டார், அவர் மனைவி வராந்தாவில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு நடுவில், அவர்கள் தோளோடு தோளாக, ஒரு கோடு. அவள் மௌஸைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோகாமல் ஒரு சுற்று முழுவதும் உட்கார்ந்திருந்தாள். பிறகு கொண்டுபோனாள். நல்லவர்கள் எல்லோரும் இன்னும் தரையில் கிடக்க, மாமா மட்டும் கிழிந்தவர்களோடு ஏறிக்கொண்டிருந்தார். அந்த வினாடியில் அவளுக்கு வந்தது பயமில்லை. அதைத்தான் பிற்பாடு அவளால் தாங்க முடியவில்லை. வந்தது சந்தோஷம். இத்தனை வருஷமாக அவளுக்கு வாய்க்காதது எது, கிழிவதற்கு முந்தைய சுவர். வருகிறதெல்லாம் கிழிந்த பிறகு வருகிறது, கிழிந்ததனால் அப்படிப் பேசுகிறதா, அப்படிப் பேசியதால் கிழிந்ததா என்று எந்தக் கூட்டத்தில் நின்றாலும் எவனாவது கேட்கிறான், அவளிடம் பதில் இல்லை. இதோ ஒரு சுவர், தசை பாதிப் பிடியை விட்டிருக்கிறது, கத்திரிக்கோல் முழுதாக விழித்துவிட்டது, ஆனால் இன்னும் கிழியவில்லை. பாதி வழியில் கையும் களவுமாக. அவள் முதுகு நிமிர்ந்துவிட்டது, உதடு தானாக விரிந்துவிட்டது. திரையின் கறுப்பில் அந்தச் சிரிப்பு தெரிந்தது. அந்தச் சுவர் இந்நேரம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கும் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. சீ, என்ன ஜென்மம் நான் என்று வாய்விட்டே சொன்னாள்.

லேப் தலைவரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். ஆராய்ச்சி முடிவை நோயாளியிடம் சொல்லக் கூடாது, ஒரு தடவை வந்ததை முடிவென்று சொல்லவே கூடாது, மறுபடி செய், அடுத்த மாதம் பார்க்கலாம். அதில் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்ல முடியாது. கிண்ணம் இருக்கிறது, அந்தக் கிண்ணத்தைத் தாண்டி அவளால் போக முடியவில்லை, உப்புத் தண்ணீரில் கிடந்த நேரத்தில் கத்திரிக்கோல் விழித்துக்கொள்ளுமா, விழித்துக்கொள்ளலாம், அது யாருக்கும் சரியாகத் தெரியாது. இது கிண்ணத்தின் கூப்பாடா, அவருடைய சுவரின் பேச்சா என்று இந்தத் திரை சொல்லாது. சொல்லக்கூடியது ஒரு ஸ்கேன். குழாய் வீங்கியிருக்கிறதா இல்லையா, அகலம் என்ன, அவ்வளவுதான், முன் கட்டிடத்தில் படுத்து எழுந்தால் முடிந்தது. அதுவும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஆனால் மாத்திரை மாத்திரைதான், அதற்குத் திரையும் வேண்டாம் கிண்ணமும் வேண்டாம். அவள் கையுறையைக் கழற்றினாள், வியர்த்த விரல்களோடு உள்பக்கம் வெளியே வந்தது. போனை எடுத்தவள் பேரைத் தட்டாமல் வைத்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் நேரில் சொன்னால் போதாதா. சாயங்காலத்துக்குள் என்ன ஆகிவிடும். இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியதும் தட்டிவிட்டாள்.

மூன்றாவது மணியடிப்பில் மாமா எடுத்தார். சாப்பிட உட்கார்ந்துவிட்டேன், கொள்ளுப் பருப்பு, நீ சாப்பிட்டாயா என்றார். மாத்திரையைப் பற்றிக் கேட்டாள். அவர் சிரித்து, கோள் சொல்லியாகிவிட்டதா என்று அத்தையைத் திட்டினார், பிறகு அந்தப் பழைய பெருமையை எடுத்தார், நம்முளுதுதான் அங்க அளவாச்சே அம்மணி, அளவுகோலுக்கு எதுக்கு மாத்திரை என்றார். கோகிலவாணி எழுந்து நின்றுகொண்டாள்.

"அது நான் தப்பாச் சொல்லிட்டனுங்க மாமா. உங்களுது நல்ல சுவருன்னு எனக்குத் தெரியாதுங்க. கிழியலைங்கறது மட்டுந்தான் தெரியும்."

அந்தப் பக்கம் கரண்டி தட்டில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. இன்றைக்கு மெஷின் ஏதாவது சொல்லிற்றா என்று கேட்டார், குரலில் சிரிப்பு இல்லை, ஆனால் கோபமும் இல்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், கிண்ணத்தையும் சேர்த்து, இது தப்பாகவும் இருக்கலாம் என்பதையும் சேர்த்து, நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்கு வர வேண்டும், அதுவரை கப்பிச் சங்கிலியைத் தொடக் கூடாது என்பதையும். அவர் குறுக்கே குறுக்கே கேட்டார். உப்புத் தண்ணீரில் எவ்வளவு நேரம் இருந்தது. மற்றவர்களுடையது அப்படி ஒன்றும் இருக்கவில்லையா. அப்படியானால் வேண்டுமென்றே ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுவைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா. ரிப்பேருக்குத் திரும்பி வந்துவிட்ட மோட்டாரைப் பற்றிக் கேட்கிற அதே குரல். தெரியும் மாமா, அதைத்தான் செய்யப் போகிறேன் என்று அவள் சொன்னாள்.

"வீடியோவைப் போடு அம்மணி. நானும் பாக்கோணும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அது அவருடைய நெஞ்சு, அவருடைய துண்டு, பார்க்காதே என்று சொல்ல இவள் யார். போனைத் திரைக்கு நேராகப் பிடித்தாள். சின்னச் சதுரத்துக்குள் அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார், மீசையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

"இதுல நான் எது?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். வெறும் விரல், திரையில் ஈரம் படிந்தது. கோடு விரலையும் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. அடியில் தட்டையாகக் கிடப்பவர்கள் யார் என்று கேட்டார், உங்க வரிசைக்காரங்க மாமா, பைபாஸ் பண்ணினவங்க, அவங்க இனிமேல்தான் வருவாங்க என்றாள். அவர் தலையாட்டினார். பிறகு அவள் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டார்.

"என்ற கூட ஏறுறவீங்கெல்லாம் ஆரு?"

வேறு பேஷன்டுகள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. ஒரு சுற்று சூடாகி ஆறியது.

"கிழிஞ்சவீங்க மாமா."

படம் ஆடியது. அவர் முகம் போய், கூரை வந்தது, சுற்றுகிற மின்விசிறி வந்தது, போனை எங்கேயோ மல்லாக்க வைத்துவிட்டார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மரகதம், அந்த மாத்திரையும் ஒரு சொம்புத் தண்ணியும் கொண்டா என்கிற குரல், எந்த மாத்திரைங்க என்று அத்தை அடுப்படியிலிருந்து கேட்பது, எல்லா மாத்திரையும்தான் என்பது, டப்பாவின் மூடி, தண்ணீர் தொண்டையில் இறங்குகிற சத்தம். இங்கே கோகிலவாணியின் கண்ணிலிருந்து வழிந்தது, இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்ததில் துடைக்க ஒரு கையும் காலியில்லை. கூரை ஆடி மறுபடி முகம் வந்தது. மீசை ஈரமாக இருந்தது, பயந்திருக்கிறார், பயந்தது நன்றாகத் தெரிந்தது, ஆனாலும் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு திரையைத் தேடினார்.

"வெச்சுடாத அம்மணி. மத்தவீங்களும் வரட்டும், பாத்துரலாம்."

அவள் வைக்கவில்லை. கை வலிக்க வலிக்கப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.